சக்கையா, கறிவேப்பிலையா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் மூன்று 'சக்கை' என்ற ஒரே சொல்லைச் சுற்றி இருந்தன, நான்காவது அதற்குப் பக்கத்தில் வருகிற 'கூலி' பற்றியது. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், வணக்கம். என் மகன் படிவம் இரண்டு படிக்கிறான். மலாய்ப் பாடத்தில் 'ஹாபிஸ் மானிஸ், செப்பா டிபுவாங்' என்ற பழமொழி வந்தது. தமிழ் வகுப்பில் அதற்கு இணையானதை எழுதச் சொன்னபோது 'கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போடுவது' என்று எழுதியிருக்கிறான். என் மாமியார், "அது சக்கைடா, கறிவேப்பிலை இல்லை" என்று விடாமல் சொல்கிறார். எது சரி?
— ஒரு தாய், கோலகங்சார்

மாமியார் சொல்வதுதான் சரி அம்மா. ஆனால் உங்கள் மகனுக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன், ஏனென்றால் இன்றைக்குப் பெரியவர்களே இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டுப் பேசுகிறார்கள்.

மலாயில் 'செப்பா' என்றால் மென்று சாறு போன பிறகு வாயில் மிஞ்சுவது, அது கரும்பானாலும் சரி, வெற்றிலையானாலும் சரி. இனிப்புத் தீர்ந்தது, செப்பா எறியப்படுகிறது என்பதுதான் அந்தப் பழமொழி. சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் நம் சக்கைதான் அது, ஒரு மயிரிழை கூட வித்தியாசம் இல்லை. கரும்பும் வெற்றிலையும் இரண்டு வீட்டிலும் இருந்ததால் பழமொழியும் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது.

சக்கை என்றால் என்ன என்று மகனுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒரு நாள் இரவுச் சந்தைக்குக் கூட்டிப் போய் கரும்புச் சாறு பிழிகிற கடை முன்னால் நிறுத்துங்கள். எங்கள் சுங்கை சிப்புட்டில் நான் போன வாரம் கூட நின்று பார்த்தேன். முழுக் கரும்பை முதல் தடவை உருளையில் விட்டால் சாறு கொட்டுகிறது. அதை எடுத்து இரண்டாக மடக்கி மறுபடி விடுகிறார், பாதி கொட்டுகிறது. மூன்றாம் தடவை சொட்டுகிறது. நான்காம் தடவை வெறும் நுரைதான், ஆனாலும் அந்தத் தம்பி விடவில்லை, சப்பையாகிப் போனதை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கி உள்ளே தள்ளினார். வெளியே வந்தது நார்தான். அதைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருக்கிற சாக்கில் போட்டார். சாக்கைச் சுற்றித் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது, அதாவது இன்னும் கொஞ்சம் இனிப்பு அதில் இருந்திருக்கிறது.

கறிவேப்பிலையின் கதை வேறு. அதை யாரும் பிழிவதில்லை. தாளிக்கும்போது வாசத்துக்குக் கூப்பிடுகிறோம், சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். அது கொடுத்தது கொஞ்சம், நாம் எடுத்ததும் கொஞ்சம், வேலை முடிந்ததும் மதிப்பில்லை, அவ்வளவுதான். தேர்தல் வந்தால் கொடி கட்டவும் நாற்காலி தூக்கவும் பையன்களைக் கூப்பிட்டு, முடிவு வந்த மறுநாள் போன் எடுக்காமல் இருக்கிறார்களே, அது கறிவேப்பிலை. கல்யாண வீட்டில் மூன்று நாள் ஓடியாடி வேலை செய்த ஒன்றுவிட்ட தங்கையைக் குடும்பப் படம் எடுக்கும்போது கூப்பிட மறப்பதும் கறிவேப்பிலைதான். ஒருத்தருடைய இருபது முப்பது வருட உடம்பை எடுத்துக்கொண்டு, இனி ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகு வாசலைக் காட்டுவதற்குச் சக்கை என்ற சொல்தான் பொருந்தும். ஒன்றில் புறக்கணிப்பு மட்டும் இருக்கிறது, மற்றதில் உறிஞ்சலும் சேர்ந்து இருக்கிறது.

இந்த வரிசையில் இன்னும் சில சொற்கள் உண்டு. பதர் என்பது முதலிலிருந்தே உள்ளே மணி பிடிக்காத நெல், அதனால் அதைத் தூற்றி விடுவதில் யாருக்கும் துரோகம் இல்லை. பயனில்லாத பேச்சையே பேசிக்கொண்டிருப்பவனை மனிதன் என்று சொல்லாதே, 'மக்கட் பதடி' என்று சொல் என்கிறது குறள் (196). பதடி என்பது அதே பதர்தான். பலிகடா அடுத்தவனுடைய தப்புக்குத் தலை கொடுக்கிற ஆள். 'ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ' என்பதும் உங்கள் மகன் எழுதியிருக்கக்கூடிய ஒரு பழமொழி, அது கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வரும்.

இப்போது பிள்ளைகள் இதற்கெல்லாம் 'பாக்காய் புவாங்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். குழந்தைக்குக் கட்டுகிற டயாப்பர் பாக்கெட்டில் இருக்கிற சொல், பயன்படுத்தி எறிவது என்று அர்த்தம். ஆனால் அது எறிவதற்கென்றே செய்த பொருளுக்கு உள்ள சொல். மனிதரை யாரும் எறிவதற்கென்று பெறுவதில்லை, அதனால் அந்தச் சொல்லை ஆளுக்குச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. மகனிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

டீச்சர், எனக்கு வயது 54. ஒரே தொழிற்சாலையில் 22 வருடம் வேலை. மூட்டை தூக்கி முதுகு போன பிறகு கேட்டில் ஜாகா (காவல்) வேலையில் போட்டார்கள். புதிதாக வந்த மேற்பார்வையாளர் நம்மவர்தான். போன வாரம் எல்லார் முன்னாலும், "சக்கையான ஆளுங்களை வெச்சிக்கிட்டு நான் என்ன செய்யறது" என்று சொன்னார். ஆட்குறைப்பு வரும் என்றும் பேச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சொல் திட்டா, இல்லை சாதாரணப் பேச்சா?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அண்ணே, திட்டுதான். சாதாரணப் பேச்சு என்று யாராவது சமாதானம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை நான் இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அந்தச் சொல்லை நன்றாகப் பாருங்கள், அது சொன்னவரையே காட்டிக்கொடுக்கிறது. உலகத்தில் சக்கை என்று ஒன்று தானாக விளைவதில்லை. வயலில் விளைவது கரும்பு. சக்கை என்று ஒன்று கீழே கிடந்தால் அதைப் பிழிந்த ஒரு கை இருந்திருக்கிறது, குடித்த ஒரு வாய் இருந்திருக்கிறது. பதர் என்று அவர் சொல்லியிருந்தால் நீங்கள் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுக்கும் ஆகாதவர் என்று ஆகியிருக்கும். சக்கை என்று சொன்னதன் மூலம், 22 வருடச் சாறும் எங்களிடம்தான் இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்டுவிட்டார்.

நம் தோட்டத்து ஆட்கள் இந்தச் சொல்லைக் கையாண்ட விதத்தில் ஒரு நுட்பம் இருந்தது. லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலில் உட்கார்ந்து பேசும்போது யாரும் "நான் சக்கை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நம்மளைச் சக்கையாப் பிழிஞ்சிட்டானுங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் பிழிந்தவன் இருக்கிறான். அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணமும் இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கான ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள், விலை ஏறியதும் மறுபடி ஆள் கொண்டுவந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942-லும் 43-லும், தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டையோடு ஒரு ஆயுள் முழுக்க இங்கே உழைத்தவர்கள் உட்பட சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் வேறு. அந்தத் துண்டாடல் காலத்தில்தான், 1960-ல், நம் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், மாதம் பத்து வெள்ளி (மலாயாப் பணம்) கட்டிப் பங்கு வாங்கித் தோட்டத்தையே வாங்கினார்கள். சக்கை என்று மற்றவன் எறிந்த ஆட்கள்தான் அவர்கள்.

என் அம்மாவும் 31 வருடம் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைவார். கத்தியை வைப்பதற்கு முன்னால், முந்தின நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற பால் நாடாவை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்து இடுப்புப் பையில் போடுவார். பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தின் அடியில் உறைந்து கிடப்பதையும் சுரண்டி எடுப்பார். அதற்குப் பெயர் ஒட்டுப்பால். அது நாறும், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டுப் போகாது, பள்ளிக்கூடத்துக்கு எனக்குத் தலை பின்னி விட்டால் அந்த வாசம் என் சடையிலும் வந்துவிடும். நல்ல பாலுக்கு இருக்கிற விலை அதற்குக் கிடையாது, ஆனாலும் ஒரு துண்டைக் கூடக் கீழே விட மாட்டார். ஸ்டோரில் தனியாக நிறுத்துப் போட்டு, எழுதுகிறவர் சரியாக எழுதுகிறாரா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தபோது அம்மாவுக்கு வந்தது ஒரு பக்கக் கடிதம், அதில் காலி செய்ய வேண்டிய தேதி இருந்தது, 31 வருடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "வேற ஒண்ணும் எழுதலையா" என்று இரண்டு தடவை கேட்டார்.

நாலடியாரில் (35) ஒரு பாட்டு இருக்கிறது, கரும்பை ஆட்டி வெல்லக் கட்டியை நேரத்தோடு எடுத்துக்கொண்டவர்கள், மிச்சத் துரும்பு தீப்பிடித்து எரியும்போது வருத்தப்பட மாட்டார்கள் என்று வரும். அங்கே துரும்பு என்பது நம் சொந்த உடம்பு. உடம்பு நல்ல நிலையில் இருக்கும்போதே அதனால் ஆகிற நல்ல பயனை எடுத்துக்கொண்டவன் சாவைக் கண்டு கலங்க மாட்டான் என்பது பாட்டின் பொருள். நம் உடம்பை நாமே பிழிந்து நாமே பயனை எடுத்துக்கொள்வது பற்றிய அழகான பாட்டு. நம்மைப் பிழிந்து வெல்லத்தை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போனால் என்ன சொல்வது என்று அது பேசவில்லை, அதைப் பேச நமக்கு லயத்து வாக்கியம்தான் இருக்கிறது.

இது சொல்லுக்கான பத்திதான், ஆனாலும் ஆட்குறைப்பு என்று நீங்கள் எழுதிவிட்டதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாதவர்களுக்கு, ஆட்குறைப்பில் வேலை போனால் முதலாளி கொடுத்தே ஆக வேண்டிய தொகை மலேசியாவின் 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளில் எழுதியே இருக்கிறது. ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் சம்பளம். உங்கள் 22 வருடத்துக்கு 440 நாள் சம்பளம் வருகிறது அண்ணே. 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தத் தொகை வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். நியாயமான காரணம் இல்லாமல் வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும், நாள் தாண்டினால் வாய்ப்புப் போய்விடும். சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே ஒரு பையில் போட்டு வையுங்கள்.

அப்புறம், அந்த மேற்பார்வையாளர் ஒரு தடவை செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற நாரையும் கொட்டை ஓட்டையும் அங்கே யாரும் எறிவதில்லை, கொதிகலனில் போட்டு எரித்து அந்த ஆவியில்தான் ஆலையே ஓடுகிறது. பழம் உதிர்ந்த வெறும் குலை லாரியில் ஏறித் தோட்டத்துக்கே திரும்பிப் போய் மரத்தடியில் உரமாகக் கிடக்கிறது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் விறகு என்றுதான் சொன்னோம், இன்றைக்கு மூவாரில் அதே மரம் நாற்காலியும் மேசையுமாகிக் கப்பல் ஏறுகிறது. இவ்வளவும் தெரிந்த ஊரில் ஒரு மனிதரைப் பார்த்துச் சக்கை என்று சொல்ல எப்படி வாய் வந்ததோ.

மறுபடி அவர் அப்படிச் சொன்னால் சத்தம் போட வேண்டாம். "பிழிஞ்சது யாரு தம்பி?" என்று மட்டும் கேளுங்கள்.

'படம் சக்கைப்போடு போடுகிறது' என்கிறோம். சக்கை கெட்ட சொல் என்றால் இது எப்படிப் பாராட்டாகும்? இன்னொன்று, எங்கள் பக்கத்து வீட்டு மலையாளப் பாட்டி பலாப்பழத்தைச் சக்கை என்கிறார்.
— மாணவி, தைப்பிங்

சக்கை கெட்ட சொல் இல்லை தங்கச்சி, ஆளைக் குறித்துச் சொல்லும்போதுதான் கெட்டதாகிறது. சக்கைப்போடு என்றால் பிரமாதமாக ஓடுகிறது என்று பொருள், அதில் யாரையும் தாழ்த்துகிற தொனி இல்லை, தாராளமாகச் சொல்லலாம். 'சக்கையாக அடித்துவிட்டான்' என்றால் நொறுங்க அடித்தான் என்று அர்த்தம். பாட்டி சொல்வதும் சரி. மலையாளத்தில் பலா சக்கைதான், கன்னியாகுமரிப் பக்கத் தமிழர்களும் அப்படியே சொல்வார்கள். அந்த மலையாளச் சக்கை போர்த்துக்கீசியர் வாயில் 'ஜாக்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தின் 'ஜாக்' வந்தது. நாம் இங்கே நங்கா என்று மலாயில் சொல்லிப் பழகிவிட்டதால் பாட்டியின் சொல் உனக்குப் புதிதாக இருக்கிறது. அவரிடம் இன்னும் நாலு சொல் கேட்டு எழுதி வைத்துக்கொள்.

டீச்சர், நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பள்ளியில் கொடுத்த பாரத்தில் அப்பா வேலை என்ற இடத்தில் என் மகள் 'கூலி' என்று எழுதிவிட்டு, அப்புறம் அழித்திருக்கிறாள். ஏன் அழித்தாய் என்றால் "அது கெட்ட வார்த்தைப்பா, கூட்டாளிங்க சிரிப்பாங்க" என்கிறாள். கூலி தமிழ்ச் சொல்தானே?
— ஒரு தகப்பனார், பீடோர்

தமிழ்ச் சொல்தான், நல்ல சொல்லும் கூட. 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவர் எழுதியபோது (619) அது உழைப்புக்குக் கிடைக்கிற பலன். தெய்வத்தால் ஆகாது என்றாலும் உடம்பு வருந்தின அளவுக்குப் பலன் உண்டு என்கிறார். அந்த இடத்தில் கூலி மனிதனுடைய கையில் வந்து சேருகிற ஒன்று.

கெட்டுப்போனது எப்படி என்றால், கையில் வாங்குகிற காசின் பெயரை வாங்குகிறவனுக்கே வைத்துவிட்டார்கள். துரைமார் ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஆளைக் குறித்துத்தான் வந்தது, மலாயில் 'கூலி' என்றாலும் ஆள்தான். ஒப்பந்தக் கூலி முறையில் இங்கே ஆள் பிடித்துக் கொண்டுவருவது 1910-ல் நின்றது, கங்காணி மூலம் ஆள் கொண்டுவருவதை இந்திய அரசாங்கம் 1938-ல் நிறுத்தியது, ஆனால் சொல் நிற்கவில்லை. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு வந்தவர்களை 'எத்தனை கூலி' என்று எண்ணினால் அங்கே பெயர் இல்லை, ஊர் இல்லை, தலை எண்ணிக்கை மட்டும்தான். ஒன்று குறைந்தால் இன்னொன்றைக் கொண்டுவரலாம் என்கிற எண்ணம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சக்கைக்கு நடந்ததும் இதற்கு நடந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான் ஐயா, ஒரு பொருளின் பெயர் ஆள் மேல் ஏறிவிட்டது.

அதனால் 'இன்றைய கூலி எவ்வளவு', 'கூலி உயர்வு வேண்டும்' என்றெல்லாம் நன்றாகச் சொல்லலாம், எந்தக் குறையும் இல்லை. 'அவர் கூலி' என்று ஆளைச் சொல்ல வேண்டாம். உங்கள் மகள் அந்தச் சொல்லை அழித்ததில் தப்பில்லை. அவள் வெட்கப்பட்டு அழித்தாள் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உங்களோடு கூட்டிப் போங்கள். முப்பது அடிக்கு மேல் இருக்கிற குலையைக் கீழே நின்றுகொண்டே அரிவாள் கட்டின நீளக் கம்பால் எப்படி அறுக்கிறீர்கள், பழம் பழுத்துவிட்டது என்று உதிர்ந்து கிடக்கிற மணிகளை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், குலை விழும்போது எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறீர்கள் என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்து பாரத்தில் 'செம்பனைக் குலை அறுப்பவர்' என்று எழுதச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் 'தோட்டத் தொழிலாளர்'. மலாயில் கேட்டிருந்தால் 'பெக்கெர்ஜா லாடாங்'. பேனாவால் எழுதட்டும்.